எட்டடி போர்டில் நீளப் பெயர்: ஒடுக்கமான ஸ்லாப் எழுத்தைக் கையாளும் விதம்

தாராவி 90 அடி ரோடு பக்கம் கடை போர்டு டிசைன் செய்வதுதான் என் தொழில். இங்கே முகப்பு பெரும்பாலும் எட்டடி அகலம்தான். பெயரோ ‘ஸ்ரீ முத்தாரம்மன் டிரேடிங் கம்பெனி’ என்று நீளும். இங்கிலீஷ் வரிக்கு நான் முதலில் எடுப்பது தடித்த, ஒடுக்கமான ஸ்லாப் செரிஃப் எழுத்து. தலையிலும் காலிலும் செங்கல் வைத்த மாதிரி கட்டையான பட்டை இருக்குமே, அந்த ஜாதி. அகலம் குறைவதால் உயரத்தைக் கூட்டலாம். பஸ்ஸில் போகிறவர் கண்ணிலும் படும்.

முக்கியமான விஷயம்: அகலமான ஃபான்ட்டைக் கோரல்ட்ரா டிசைன் சாஃப்ட்வேரில் இரண்டு பக்கமும் பிடித்து நெருக்காதீர்கள். நெருக்கினால் செங்குத்துக் கோடு மெலியும், படுக்கைப் பட்டை மட்டும் அதே தடிமனில் நிற்கும். ‘ஹெச்’ எழுத்தில் இது பளிச்சென்று தெரியும்: கால் இரண்டும் சூம்பிப்போய், அடிப்பட்டை மட்டும் பருத்திருக்கும். பிறக்கும்போதே ஒடுக்கமாக வரைந்த எழுத்தில் வரைந்தவரே இந்தக் கணக்கைப் பார்த்திருப்பார். ராக்வெல் கண்டென்ஸ்டு போல்ட் அப்படிப்பட்டது.

ராக்வெல்லில் பட்டை எழுத்தின் செங்குத்துத் தண்டோடு நேர்க்கோணத்தில் சேரும். கிளாரண்டன் வகையில் அந்த மூலை வளைந்து சேரும். கிளாரண்டன் 1845-ல் லண்டனில் ராபர்ட் பெஸ்லி வெளியிட்டது. பழைய எழுத்து என்றாலும் நகைக்கடை, ஸ்வீட் ஸ்டால் போர்டில் இன்றும் அழகாக உட்காரும். ஹார்டுவேர், டிரான்ஸ்போர்ட் என்றால் ராக்வெல்தான் என் தேர்வு.

அடுத்து உள்வெளி. ‘ஏ’, ‘பி’, ‘ஆர்’ எழுத்துகளின் வயிற்றுக்குள் இருக்கும் இடைவெளி, தூரத்தில் அடைத்துக்கொள்ளும். ஏ4-ல் பிரின்ட் போட்டுச் சுவரில் ஒட்டி, பத்து எட்டு பின்னால் போய்ப் பாருங்கள். ஓட்டை தெரியவில்லையா, அதே ஃபான்ட்டில் ஒரு படி மெலிந்த வெயிட்டுக்கு, அதாவது தடிமனுக்கு, இறங்குங்கள். பக்கத்துப் பக்கத்துப் பட்டைகள் முட்டினால் எழுத்திடை வெளியைக் கொஞ்சம் கூட்டுங்கள். பின்னால் எல்இடி வைக்கும் போர்டுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக விடுங்கள். வெளிச்சம் பரவி இடுக்குகளை மூடிவிடும்.

தமிழ் வரிக்கு? தமிழ் எழுத்துக்குப் பட்டை ஒட்டவே ஒட்டாதீர்கள். ‘ண’வும் ‘ஞ’வும் படிக்கவே முடியாமல் போகும். தடிமனும் ஒடுக்கமும் ஒத்துப்போனால் போதும். நம்ம மும்பையின் எக் டைப் என்ற ஃபான்ட் நிறுவனம் வடிவமைத்த அனெக் தமிழ் ஃபான்ட் இலவசம், ஒடுக்கமான அகலமும் எக்ஸ்ட்ரா போல்டும் அதிலேயே உண்டு. அதே குடும்பத்தில் அனெக் தேவநாகரியும் இருப்பதால் மராத்தி வரியும் சேர்ந்து அமையும். மகாராஷ்டிரச் சட்டப்படி மராத்தி எழுத்து மற்ற மொழி எழுத்தைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. அதனால் மராத்தி வரியின் உயரத்தை முதலில் முடிவு செய்துவிட்டு மற்ற இரண்டையும் அதற்குள் அடக்குங்கள். தமிழ் வரிக்கு மேலே புள்ளிக்கும், ‘கி’, ‘கீ’யில் வரும் மேல் வளைவுக்கும் இடம் விடுவது அவசியம்.

போன் நம்பர், முகவரிக்கு மட்டும் இந்த ஸ்லாப் எழுத்து வேண்டாம். சின்ன அளவில் 3, 6, 8 மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். அங்கே பட்டை இல்லாத சாதா எழுத்தைப் போடுங்கள். ஃபைல் அனுப்பும் முன் எல்லா எழுத்தையும் கர்வ்ஸாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பிரின்ட் கடையில் ஃபான்ட் மாறிவிடும்.