இரணைமடுவுக்குச் சைக்கிளில்: சுற்றி வர முடியாத குளத்துக்கு ஒரு செய்முறை

இலங்கையின் வடக்கே, கிளிநொச்சிக்குப் பக்கத்தில் உள்ள இரணைமடுக் குளத்தைச் சைக்கிளில் சுற்றி வர எத்தனை மணித்தியாலம் பிடிக்கும் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான் உண்டு. சுற்றி வர முடியாது. வடக்கே குளக்கட்டு இருக்கிறது, அதற்கு நல்ல பாதையும் இருக்கிறது. மற்றப் பக்கமெல்லாம் காடும் அலைகரைச் சேறும் மாட்டுத் தடங்களும்தான். தொலைபேசி வரைபடத்தில் அந்தப் பக்கமும் ஒரு மெல்லிய கோடு ஓடும். நானும் அதை நம்பிப் போனவன்தான், அந்தக் கதை கீழே வரும்.

சுற்ற முடியாவிட்டால் என்ன, தண்ணீர் போகிற வழியில் போகலாம். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய குளம் இது. 1902இல் வேலை தொடங்கி, முடிக்க ஏறக்குறைய 20 ஆண்டுகள் எடுத்தது. கிளிநொச்சியின் குடியேற்றத் திட்டங்கள், வயல்கள், வாய்க்கால்கள் எல்லாம் அந்தத் தண்ணீரை நம்பி வந்தவை. ஆகவே கட்டில் ஏறிக் குளத்தைப் பாருங்கள், பிறகு இறங்கி வாய்க்கால் பக்கம் சைக்கிளைத் திருப்புங்கள். புதிதாக ஓடுபவருக்கு ஏற்ற சமதரை அங்கேதான் இருக்கிறது.

1. மாதமும் காற்றும்

ஒக்டோபர் முதல் ஜனவரி நடுப்பகுதி வரை மழை. றோட்டு வழுக்கும், வயற்பாதைகள் களியாகும். 2018 டிசம்பரில் வான்கதவுகளை, அதாவது நிறைந்த குளத்தின் மிகைநீரை வெளியே விடும் கதவுகளை, திறந்தபோது கீழே எவ்வளவு வெள்ளம் வந்தது என்பது இங்குள்ளவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். குளம் வான் பாய்கிற நாளில் எல்லோரும் பார்க்கப் போவார்கள். முதல் சைக்கிள் ஓட்டத்துக்கு அந்த நாள் வேண்டாம். ஜனவரி கடைசியும் பெப்ரவரியும்தான் என் தெரிவு. குளம் நிறைந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது, காலபோக நெல் மஞ்சளாகத் தொடங்கியிருக்கும்.

மே மாதத்திலிருந்து சோழகம் வீசும். தென்மேற்கிலிருந்து வருகிற காற்று, சும்மா இல்லை, ஆளைத் தள்ளும். மலையே இல்லாத வன்னியில் காற்றுத்தான் மலை. கிளிநொச்சியிலிருந்து தெற்கே போகும்போது சோழகம் முகத்தில் அடிக்கும், திரும்பும்போது முதுகைத் தள்ளும். தெம்பு இருக்கும்போது எதிர்க்காற்றில் போய், களைத்த பிறகு காற்றோடு வருவது நல்ல கணக்கு. வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக் காலத்தில் இது தலைகீழாகிவிடும். போகும்போது பறப்பீர்கள், திரும்பும்போதுதான் பாடு தெரியும். அந்த நாட்களில் பாதித் தூரத்தோடு திரும்பினாலும் வெட்கமில்லை.

2. சைக்கிள்

வளைந்த ஹாண்டில் வைத்த ரேஸ் சைக்கிள் தேவையில்லை. வீட்டில் நிற்கும் லுமாலா, நம் ஊர்ச் சாதாரணச் சைக்கிள், போதும். போரின்போது பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் நெல் மூட்டையும் விறகும் நோயாளியும் சைக்கிள் கரியரில் போன ஊர் இது. பெடலைச் சுற்றி டைனமோவில் மின்சாரம் எடுத்து வானொலிச் செய்தி கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2022இல் பெற்றோல் இல்லாமல் போனபோது தூசி தட்டி எடுத்ததும் அதே சைக்கிள்களைத்தான்.

சீட் உயரத்தை மட்டும் சரி பாருங்கள். ஒருவர் சைக்கிளைப் பிடிக்க, சீட்டில் இருந்து குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் அடியில் நிற்கும்போது கால் முழுதாக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் அளவாக மடங்கி நிற்கும். நின்றால் இரண்டு காலும் நிலத்தில் முட்ட வேண்டும் என்று சீட்டை இறக்கி வைத்து ஓடுவது நம் ஊர்ப் பழக்கம். கடைக்குப் போய்வர அது சரி. 20 கிலோமீட்டருக்கு முழங்கால் கணக்குக் கேட்கும்.

ரயரில் எவ்வளவு காற்று என்பது அதன் பக்கச் சுவரில் அச்சிட்டிருக்கும். 28 மில்லிமீற்றர் அகல ரயர் என்றால், நடுத்தர எடையுள்ள ஒருவருக்கு 70 முதல் 80 பிஎஸ்ஐ போதும். கிரவல் றோட்டு வருமென்றால் 10 குறையுங்கள். இரண்டு பிறேக்கையும் தனித்தனியே பிடித்துப் பாருங்கள். செயினுக்கு ஒரு துளி எண்ணெய் விட்டுத் துடையுங்கள். ஊற்றி விட்டால் புழுதிதான் ஒட்டும்.

3. பையில் என்ன

ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர். ஒன்றில் ஜீவனி என்ற உப்புச்சர்க்கரைத் தூளைக் கரைத்துக்கொள்ளலாம், வெயிலில் வியர்த்து வடிந்த பிறகு வெறும் தண்ணீர் போதாது. ஒரு மாற்று ரியூப், ரயர் கழற்றும் நெம்பு இரண்டு, ஒட்டும் சொலுசனும், கைப்பம். தலைக்கவசம். கொஞ்சம் காசு.

ரேஸ் சைக்கிள் வைத்திருப்பவர்கள் ஒரு சிறிய பித்தளை வால்வு மாற்றியும் கொண்டுபோக வேண்டும். அந்தச் சைக்கிள்களில் இருப்பது மெல்லிய பிரெஸ்டா வால்வு. ஊர்ச் சைக்கிள் பம்மும் அதற்குப் பொருந்தாது, மோட்டார் சைக்கிள் கடைக் குழாயும் பொருந்தாது. மாற்றியை முறுக்கிவிட்டால் எந்த மோட்டார் சைக்கிள் கடையிலும் காற்றடிக்கலாம். சுண்டுவிரல் நகமளவுச் சாமான். அது இல்லாமல் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

4. முதல் ஓட்டம்: நிலையத்திலிருந்து குளக்கட்டு

வெளியூரிலிருந்து வருபவர்களுக்குக் கிளிநொச்சி ரயில் நிலையம் நல்ல தொடக்கம். காலை 6.30க்கு வெளிக்கிடுங்கள். கண்டி–யாழ்ப்பாணம் நெடுஞ்சாலையான ஏ9 வீதிக்கு வந்து தெற்கே, அதாவது வவுனியாப் பக்கம் திரும்புங்கள். இடது ஓரத்தில் வெள்ளைக் கோட்டை ஒட்டி ஓடுங்கள். பஸ்கள் ஒன்றையொன்று முந்துகிற வீதி இது, எதிரே வருகிற பஸ் உங்கள் பக்கத்துக்கே ஏறி வரும். அப்படிக் கண்டால் உரிமை பேசிக்கொண்டு நிற்காமல் ஓரத்தில் இறக்குங்கள். இரண்டு பேர் சேர்ந்து போனாலும் ஏ9இல் ஒருவர் பின் ஒருவர்தான். கதையைக் குளக்கட்டில் வைத்துக்கொள்ளலாம்.

இரணைமடுச் சந்தியில் இடது பக்கம், கிழக்கே திரும்புங்கள். இங்கிருந்து சத்தம் குறையும். மணல் ஏற்றும் டிப்பர்கள் மட்டும் இடைக்கிடை வரும். கட்டாக்காலி மாடுகளுக்கு முன்னால் மணி அடிக்காதீர்கள், மிரண்டு குறுக்கே பாயும். மெதுவாக அவற்றின் வால்பக்கமாகப் போய்விடுங்கள். அறுவடைக் காலத்தில் றோட்டோரம் நெல் காயப் போட்டிருப்பார்கள். நெல்லின் மேல் ரயரை ஏற்றினால் வழுக்கும், காயப்போட்டவரின் ஏச்சும் கிடைக்கும். இரண்டும் நியாயம்தான்.

கட்டுக்கு ஏறும் இடம்தான் இந்த வழியின் ஒரே ஏற்றம். கியர் இருந்தால் ஏறுவதற்கு முன்பே இலேசான கியருக்கு மாற்றுங்கள், நடுவில் மாற்றினால் செயின் கழரும். மேலே வந்ததும் கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர். இரணை என்றால் இரட்டை. குளம் கட்டுவதற்கு முன் இரண்டு மடுக்கள் இருந்த இடமாம், பெயர் அப்படித்தான் வந்தது என்பார்கள். கட்டு நல்ல நீளம். வாகனம் விடாமல் மறித்திருந்தால் இறங்கி உருட்டிக்கொண்டு நடங்கள். ஒரு பக்கம் நாரையும் கூழைக்கடாவும், மறுபக்கம் தாழ்வில் மருத மரங்களும் வயலும். வான்கதவுகளையும், வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் துருசையும் நின்று பாருங்கள். குளத்தில் இறங்கிக் குளிக்க வேண்டாம், முதலை உண்டு.

பக்கத்தில் கனகாம்பிகை அம்மன் கோவில். நிழல் இருக்கும், இளைப்பாறிவிட்டு வந்த வழியே திரும்புங்கள். போக வர 20 கிலோமீட்டர் அளவுதான் வரும். முதல் நாளைக்கு அது தாராளம்.

5. வரைபடக் கோட்டை நம்பிய கதை

இரண்டு வருடத்துக்கு முன், ஒரு மார்ச் மாதம். கட்டு முடிகிற இடத்தில் திரும்ப மனம் வரவில்லை. கோடு தெரிகிறதே என்று கிரவல் பாதையில் இறங்கினேன். கிரவல் மணலாகி, மணல் மாட்டுத் தடமாகி, பிறகு விடத்தல் முள் பின் ரயரில் ஏறியது. மாற்று ரியூப்பைப் போட்டேன், கைப்பம்மின் வாசர் கிழிந்திருந்தது. உருட்டிக்கொண்டு வந்தபோது வழியில் கண்ட ஐயா ஒருவர், "தம்பி, உதாலை றோட்டு இல்லை, மாடுதான் போகும்" என்றார். தன் பம்மைக் கொண்டு வந்து என் வால்வைப் பார்த்துவிட்டு, "இதென்ன, பேனை முனை மாதிரிக் கிடக்கு?" என்று சிரித்தார். லாண்ட்மாஸ்டர் என்ற இரு சக்கர உழவு இயந்திரத்தின் பெட்டியில் சைக்கிளை ஏற்றி ஏ9 வரை விட்டார். அங்கே கடையில் காற்று இருந்தது, மாற்றி இல்லை. கடைசியில் ஓட்டோவில் வீடு.

அன்று பஞ்சரோடு போனது என் அதிர்ஷ்டம். காட்டோரத்தில் யானை நடமாட்டம் உண்டு, விடியப்புறமும் பொழுதுபடும் நேரமும் அங்கே நிற்கவே கூடாது. இன்னொன்று, மிதிவெடி. வடக்கில் இன்னும் அகற்றி முடிக்காத இடங்கள் இருக்கின்றன. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் அப்படியே திரும்புங்கள். பலகை இல்லாத பற்றைக்குள்ளும் சிறுநீர் கழிக்கக்கூட ஒதுங்க வேண்டாம். ஆட்கள் அன்றாடம் புழங்குகிற பாதையில் மட்டும் ஓடுங்கள்.

6. இரண்டாவது ஓட்டம்: வட்டக்கச்சிப் பக்கம்

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கிளிநொச்சியிலிருந்து கிழக்கே பன்னங்கண்டி ஊடாக வட்டக்கச்சிக்கு. குளத்திலிருந்து வருகிற தண்ணீர் வயலுக்குள் பிரிகிற பகுதி. வாய்க்கால் ஓரம் பிள்ளைகள் தூண்டில் போட்டுக்கொண்டு நிற்பார்கள், பெரும்பாலும் யப்பான் மீன் என்கிற திலாப்பியாதான் அகப்படும். றோட்டில் பள்ளிக்கூடச் சைக்கிள்கள் உங்களை முந்திக்கொண்டு போகும், ஒரே சைக்கிளில் டபிள்ஸ் வேறு. போட்டி போடாதீர்கள், தோற்பீர்கள். பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம்தான் சரியான வேகம். மூச்சு வாங்கிப் பேச்சு நின்றால் மிதியைக் குறையுங்கள். ஒரு கடையில் பிளேன்ரீ குடித்துவிட்டு வந்த வழியே திரும்பலாம்.

7. மூன்றாவது: முறிகண்டி

இரண்டு மூன்று தடவை ஓடிப் பழகிய பிறகு ஏ9 வழியே தெற்கே முறிகண்டிப் பிள்ளையார் வரை போகலாம். ஒரு வழி பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். வழியில் அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் வரும். அதற்கப்புறம் வீடுகள் குறைந்து வெயில் நேரே விழும், ஆகவே ஒன்பது மணிக்கு முன் போய்ச் சேருங்கள்.

இந்த வீதியால் போகிற வாகனமெல்லாம் பிள்ளையாரிடம் நின்றுதான் போகும். சைக்கிளுக்கும் சேர்த்து ஒரு தேங்காய் உடைத்துவிட்டு எதிரே கச்சான் வாங்குங்கள். கடலையும் கச்சான், மேல்காற்றும் கச்சான். கடலைப் பையைச் சீட்டுக்குப் பின்னால் கட்டும்போது காற்று எந்தப் பக்கம் என்று ஒருமுறை பாருங்கள். மேற்கிலிருந்து அடித்தால் வடக்கே திரும்பி வரும் வழியெல்லாம் இடது தோளில்தான் இடிக்கும், சைக்கிள் நடுறோட்டுப் பக்கம் இழுபடும். ஹாண்டிலை இறுக்கிப் பிடிக்காமல், கோட்டுக்கு இடப்பக்கம் ஒரு முழம் கூடுதலாக விட்டு வாருங்கள்.