ஊர் திரும்பும் முன்பே நிலம் வாங்காதீர்கள்

ஏப்ரல் வந்துவிட்டால் எனக்கு ஃபோன் வரத் தொடங்கிவிடும். மஸ்கட், சிங்கப்பூர், டொரன்டோ என்று எங்கெங்கோ இருபது, முப்பது வருடம் இருந்துவிட்டு, நீலகிரியிலேயே வந்து தங்கிவிடலாம் என்று முடிவெடுத்தவர்கள். நானும் அப்படிக் கோத்தகிரிக்கு வந்தவன் என்பதால் கேட்கிறார்கள். கம்பளி எடுத்து வாருங்கள், பழைய நண்பர்கள் மாறியிருப்பார்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வது. அதை விட்டுவிடுகிறேன். திரும்பி வருகிறவர்கள் சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

லீவில் வந்து நிலம் வாங்குவது

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். மஸ்கட்காரர் ஒருவர் லீவில் வந்தார். தரகர் ஒரு தேயிலைச் சரிவைக் காட்டினார்; எதிரே பள்ளத்தாக்கு, கீழே மேகம். மனிதர் விழுந்துவிட்டார். வெளிநாட்டில் வசிக்கிறவர் விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டத்தில் இடமில்லை. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். தரகருக்கு இது தெரியும். "மச்சான் பேர்ல பத்திரம் போட்டுக்குங்க சார், நீங்க வந்ததும் மாத்திக்கலாம்" என்றார். சரி என்று இவரும் பணத்தை அனுப்பினார்.

பணம் ஒருவருடையது, பத்திரம் இன்னொருவர் பெயரில் என்றால் அது பினாமி. மனைவி, பிள்ளைகள் பெயருக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு, மச்சானுக்குக் கிடையாது. 2016 திருத்தத்துக்குப் பிறகு சொத்து பறிமுதல், ஓராண்டு முதல் ஏழாண்டு வரை சிறை. இவர் விஷயத்தில் அதிகாரிகள் யாரும் வரவேண்டியிருக்கவில்லை. மச்சான் இறந்துபோனார். பிள்ளைகள் வாரிசுச் சான்று வாங்கிப் பட்டாவை மாற்றிக்கொண்டார்கள். தன் பணம்தான் அது என்று இவர் கோர்ட்டில் நிரூபித்தால் பினாமி. நிரூபிக்காவிட்டால் நிலம் இல்லை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், இந்தியக் குடிமகனாக நிரந்தரமாகத் திரும்பிவிட்டால் அந்தத் தடையே கிடையாது. பொறுத்திருந்தால் தன் பெயரிலேயே வாங்கியிருக்கலாம்.

வாங்கியிருந்தாலும் அங்கே வீடு கட்டியிருக்க முடியுமா? அது வேறு கதை. அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவுகளுக்கு 2016 அக்டோபரில் கெடு வைத்துப் பதிவை நிறுத்தினார்கள். அதனால் மனை என்று சொல்லாமல், தேயிலைச் செடியோடு சேர்த்து 'தோட்டம்' என்றே எழுதிக் கொடுக்கிறார்கள். அதை நம்பிக் கட்டட அனுமதிக்குப் போனால் அலைச்சல்தான்; மலைப்பகுதிக்கு 1993 முதல் தனிக் கட்டட விதிகள் இருக்கின்றன. சில சர்வே எண்கள் 1949ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். முன் அனுமதி இல்லாமல் அவற்றை விற்கவே கூடாது. கூடலூர்ப் பக்கம் என்றால் ஜென்ம நில (பழைய பரம்பரை உரிமை நிலங்கள்) வழக்குகள் வேறு. வில்லங்கச் சான்று சுத்தமாக இருப்பது இதற்கெல்லாம் பதில் ஆகாது. தாய்ப்பத்திரம், புலப்படம் (நிலத்தின் அளவுப் படம்), அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு) மூன்றையும் எடுத்துக்கொண்டு இந்த மாவட்டத்தில் தொழில் செய்கிற வக்கீலிடம் போங்கள். தரகர் கூட்டிவரும் வக்கீல் வேண்டாம்.

கோடையில் மட்டும் பார்ப்பது

குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளுக்கு வடகிழக்குப் பருவமழைதான் சோதனை. 2009 நவம்பர் மழையில் மாவட்டத்தில் பல இடங்களில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடகை வீட்டில் இருந்து பாருங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறது, எந்தத் தடுப்புச் சுவர் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

தேயிலை வருமானத்தை நம்புவது

வேண்டாம். பச்சைத் தேயிலைக்கு விலை போதவில்லை என்று சிறு விவசாயிகளே பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள்.

வங்கி, வரி

திரும்பியதும் வெளிநாட்டில் இருந்தபோது வைத்திருந்த என்ஆர்இ ரூபாய்க் கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்ற வேண்டும். டாலரை டாலராகவே வைத்துக்கொள்ள ஆர்எஃப்சி என்ற வெளிநாட்டு நாணயக் கணக்கு உண்டு. அப்புறம், பலகாலம் வெளியே இருந்தவர்களுக்கு முதல் ஓரிரு ஆண்டுகள் வருமான வரியில் ஆர்என்ஓஆர் என்ற நிலை கிடைக்கும். வெளிநாட்டில் வரும் வருமானத்துக்கு அப்போது பெரும்பாலும் இங்கே வரி இல்லை. டிக்கெட் போடும் முன்பே ஆடிட்டரைப் பாருங்கள், வந்து இறங்கிய பிறகு அல்ல.

ஆஸ்பத்திரி

பெரிய சிகிச்சை என்றால் பலரும் கோவைக்குத்தான் இறங்குகிறார்கள். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரைக்குமே 33 கிலோமீட்டர் மலைப்பாதை. வீட்டு வாசல் வரை ஆம்புலன்ஸ் வருமா என்று பார்த்துவிட்டு வாடகை பேசுங்கள்.

கரடி

வரும். பழமரம் நடும் முன் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.