நானோ இழைப் பாயின் இழுவிசை சோதனை: எண் ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது?

ஒரே பாலிமர், ஒரே கரைசல், எலக்ட்ரோஸ்பின்னிங்கில் (உயர் மின்னழுத்தம் கொடுத்துக் கரைசலை மெல்லிய இழையாக இழுக்கும் முறை) எடுத்த ஒரே இழைப் பாய். எவ்வளவு பலம் என்று பார்க்க, அறும்வரை பிப்ரவரியில் இழுத்தால் ஒரு எண் வரும், ஜூலையில் இழுத்தால் வேறு எண். வாளையார், கஞ்சிக்கோட்டுப் பக்கம் ஆய்வகத்தில் இருப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். பாலக்காட்டுக் கணவாயில் ஜனவரி வாக்கில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று அடிக்கும். ஜூன் பிறந்தால் மேற்கிலிருந்து ஈரக்காற்று உள்ளே வரும். ஆனால் எல்லாப் பழியையும் காற்றின் மேல் போடவும் முடியாது. யூ.டி.எம். மிஷினை (பட்டையை இழுத்து விசையை அளக்கும் யுனிவர்சல் டெஸ்டிங் மெஷின்) இயக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

1. வெட்டுவது

கத்தரி வேண்டாம், ஓரத்தைப் பிய்த்துவிடும். புது சர்ஜிக்கல் பிளேடும் இரும்பு ஸ்கேலும் போதும். பாயின் ஓரம் மெலிந்திருக்கும், அதனால் நடுப்பகுதியிலிருந்து 10 மி.மீ. அகலத்தில் பட்டைகள் எடுங்கள். சுழலும் உருளையில் எடுத்த பாய் என்றால் சுற்றும் திசையில் பலம் கூடுதல், குறுக்கே குறைவு. எந்தத் திசை என்று பென்சிலால் குறித்துவிடுங்கள்.

2. தடிமன் (இங்கேதான் எல்லாரும் மாட்டுவார்கள்)

பலம் என்பது விசையைக் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்து வருவது. விசையை மிஷின் ஒழுங்காகத்தான் சொல்கிறது. பரப்பைச் சொல்வது நாம். நானோ இழைப் பாயில் முக்கால் பங்குக்கு மேல் வெறும் காற்று என்பது சாதாரணம். ஸ்க்ரூ கேஜைக் கொஞ்சம் இறுக்கினால் இட்லி மாதிரி அமுங்கிவிடும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். பி.சி.எல். (பாலிகேப்ரோலாக்டோன் என்ற பாலிமர்) பாய், 10 மி.மீ. அகலம், 2 நியூட்டனில் அறுகிறது. கேஜ் 100 மைக்ரான் காட்டினால் பரப்பு 1 சதுர மி.மீ., பலம் 2 மெகாபாஸ்கல். இன்னொருவர் இறுக்கிப் பிடித்து 80 மைக்ரான் என்று எழுதினால் அதே பட்டை 2.5 மெகாபாஸ்கல் ஆகிவிடும்.

எனக்குப் பிடித்த வழி, எடை போடுவது. அதே பாயில் 5 செ.மீ. சதுரம் வெட்டி நிறுக்கிறோம். 57 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பால் வகுத்து, பி.சி.எல்.லின் அடர்த்தியான 1.145 கிராம்/கன செ.மீ.-ஆல் மறுபடி வகுத்தால், காற்றை நீக்கிய தடிமன் ஏறக்குறைய 20 மைக்ரான். அதை வைத்தால் பலம் 10 மெகாபாஸ்கல். ஐந்து மடங்கு வித்தியாசம்! இரண்டுமே சரிதான். இழையின் தரத்தை ஒப்பிட எடைக் கணக்கு. வடிகட்டி, காயக்கட்டு போலப் பாயையே பயன்படுத்தப்போகிறீர்கள் என்றால் கேஜ் கணக்கு. எதைப் போட்டீர்கள் என்று எழுதாமல் விடுவதுதான் தப்பு.

3. காகிதச் சட்டம்

பட்டையை நேராக கிரிப்பில் மாட்டினால் நசுங்கி அங்கேயே அறும். கிரிப் ஓரத்தில் அறுந்ததைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கெட்டி அட்டையில் 20 மி.மீ. ஜன்னல் வெட்டி அதில் ஒட்டுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை இதற்கு அருமை. சூப்பர் க்ளூ கூடாது. இழை இடுக்குகளில் ஊறி ஜன்னலுக்குள் வந்து, ஊறின இடத்தை விறைப்பாக்கிவிடும். இருபுறமும் ஒட்டும் டேப் போதும். கிரிப்பில் மாட்டியபின் அட்டையின் இரு பக்கக் கால்களையும் வெட்டிவிட வேண்டும், இல்லையென்றால் அட்டையின் பலத்தைத்தான் அளப்பீர்கள்.

லோட் செல் (மிஷினில் விசையை அளக்கும் உணரி) 10 நியூட்டன் அல்லது 50 நியூட்டன் அளவுக்கானது போதும். மெக்கானிக்கல் பிரிவில் இருக்கும் 5 கிலோநியூட்டன் செல்லில் நம் 2 நியூட்டன் இரைச்சலோடு போய்விடும்.

4. ஈரமும் சூடும்

பி.வி.ஏ. (பாலிவினைல் ஆல்கஹால்), நைலான் 6 இரண்டும் தண்ணீரை உறிஞ்சும். உறிஞ்சிய நீர் பாலிமர் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து இளக்கும். பலம் குறையும், நீட்சி கூடும். பி.சி.எல். ஈரத்தைச் சட்டை செய்யாது. ஆனால் அது 60 டிகிரியில் உருகும் சாமான். மார்ச்சில் ஏசி நின்றுபோன அறையில் 40 டிகிரி தொட்டால் வழக்கத்தைவிட இளகித்தான் இருக்கும்.

வழக்கமான நிபந்தனை 23 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம். விலையுயர்ந்த சேம்பர் இல்லையா? இறுக்கமாக மூடும் டப்பாவில் மெக்னீசியம் நைட்ரேட்டின் பூரிதக் கரைசலைக் கிண்ணத்தில் வையுங்கள், உள்ளே 53 சதவீதம் அளவில் நிற்கும். சமையல் உப்பின் பூரிதக் கரைசல் என்றால் 75. பட்டைகளை இரண்டு நாள் அதில் விட்டு எடுங்கள்.

5. வேகம்

பாலிமரை வேகமாக இழுத்தால் பொதுவாகப் பலம் கூடுதலாகத் தெரியும். சங்கிலிகள் நகர நேரம் கிடைப்பதில்லை. ‘நிமிடத்துக்கு 10 மி.மீ.’ என்று மட்டும் எழுதினால் போதாது. 20 மி.மீ. ஜன்னலில் அது நிமிடத்துக்கு 50 சதவீதம், 50 மி.மீ. ஜன்னலில் 20 சதவீதம்தான். தவிர, பட்டை நீளமானால் அதில் ஒரு பலவீனமான இடம் சிக்கும் வாய்ப்பும் அதிகம், எண் இறங்கும். ஜன்னல் அளவை இடையில் மாற்றவே மாற்றாதீர்கள்.

பிற்சேர்க்கை: களியக்காவிளையிலிருந்து ஒரு தங்கை கேட்டிருந்தார்: உப்பு டப்பா ஒரு கட்டடத்தில், யூ.டி.எம். வேறு கட்டடத்தில், நடுவில் மழை, என்ன செய்வது? இழை இவ்வளவு மெல்லியது என்பதால் ஈரத்தைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். டப்பாவை மூடியபடியே கொண்டுபோங்கள், கரைசல் சிந்தாமல் பார்த்து. மிஷின் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பட்டையாக எடுத்து உடனே மாட்டுங்கள். சிலிக்கா ஜெல் பையைப் போட்டு எடுத்துப்போகலாமா என்றும் கேட்டார். கூடாது, அது காயவைத்துவிடும். மிஷின் இருக்கும் அறையின் ஈரப்பதத்தையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.