துரத்த வேண்டியது 21-ஐ அல்ல

மாட்டுங்காவில் மழை கொட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் பிளாக்ஜாக் நடக்கும். சீட்டுகளின் கூட்டுத்தொகை 21-ஐத் தாண்டாமல், சீட்டுப் போடுபவரை முந்த வேண்டிய ஆட்டம் அது; தாண்டினால் தோல்வி. பந்தயம் புளியங்கொட்டைதான். புதிதாக வருபவர்கள் 21-ஐயே துரத்துகிறார்கள். நீங்கள் கவனிக்க வேண்டியது சீட்டுப் போடுபவரை! அவர் 16 வரை கட்டாயம் எடுக்க வேண்டும், 17 வந்தால் நிறுத்த வேண்டும். கட்டிலுள்ள 52 சீட்டுகளில், ராஜா, ராணி, ஜாக் எல்லாம் சேர்த்து 16 சீட்டுகளுக்கு மதிப்பு 10. அதனால் அவர் முன் 5 அல்லது 6 திறந்து கிடந்தால், உங்களிடம் வெறும் 13 இருந்தாலும் நின்றுவிடுங்கள். அவர் 21-ஐத் தாண்டும் வாய்ப்பு அப்போதுதான் மிக அதிகம். அங்கே 7-ஓ அதற்கு மேலோ இருந்தால், 16 வரை துணிந்து எடுங்கள்.

ஏஸுக்கு 1 அல்லது 11, நம் வசதிப்படி. ஏஸும் 6-உம் சேர்ந்தால் 17 ஆயிற்றே என்று நிற்காதீர்கள். இன்னும் ஒரு சீட்டு எடுத்தாலும் 21-ஐத் தாண்டவே தாண்டாது. போன வாரம் அக்கா மகள் அதில் நின்றுதான் கிண்ணத்தில் இருந்த கொட்டை முழுவதையும் இழந்தாள்.