385 எங்கிருந்து வந்தது? பிழை வரம்பை வைத்து மாதிரி அளவைக் கணக்கிடும் முறை

கள ஆய்வுக்குக் கிளம்பும் மாணவர்களுக்கு யாராவது ஒருவர் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்: "மொத்தத்தில் பத்து சதவீதம் எடுத்தால் போதும்." அதற்குப் புள்ளியியலில் அடிப்படை கிடையாது. எவ்வளவு பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதிலிருந்துதான் கணக்கு தொடங்க வேண்டும். அப்படித் தொடங்கினால் எத்தனை பேரை மாதிரியாக எடுக்க வேண்டும், 385 என்ற எண் அதில் எப்படி வருகிறது என்று பார்ப்போம்.

சோமனூர் வட்டாரத்தில் 1,200 விசைத்தறிக் கூடங்களின் பட்டியல் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றில் எத்தனை சதவீதம் நாடா (ஷட்டில்) இல்லாத புதுவகைத் தறிக்கு மாறியிருக்கின்றன என்பது கேள்வி.

படி 1: பிழை வரம்பு. விடை 30 சதவீதம் என்று வந்தால், உண்மை 25 முதல் 35 வரை எங்கும் இருக்கலாம் என்பது உங்களுக்குச் சம்மதமா? அப்படியானால் வரம்பு 5 சதவீதப் புள்ளி. கணக்கில் 0.05 என்று எழுதுங்கள். மறதியாக 5 என்றே போட்டால், ஒருவரைக்கூட முழுதாகக் கேட்க வேண்டாம் என்று விடை வரும்!

படி 2: நம்பிக்கை மட்டம். வழக்கம் 95 சதவீதம். அதற்குரிய எண் 1.96. இதே முறையில் திரும்பத் திரும்ப மாதிரி எடுத்தால், 100க்கு ஏறத்தாழ 95 தடவை உண்மையான விகிதம் நம் வரம்புக்குள் அகப்படும் என்று பொருள். 90 சதவீதத்துக்கு 1.645, 99க்கு 2.576.

படி 3: எதிர்பார்க்கும் விகிதம். விடையைத் தேடித்தானே போகிறோம், அதை முன்கூட்டியே கேட்டால் எப்படி? தெரியாதபோது 0.5 என்று வையுங்கள். விகிதத்தையும் அது போக மீதியையும் பெருக்கினால் வரும் தொகை 0.5-இல்தான் உச்சம் (0.25). அதாவது மோசமான நிலைக்கும் தாங்குகிற அளவு கிடைக்கும். நம்பத்தகுந்த பழைய ஆய்வு 20 சதவீதம் என்று சொன்னால் 0.2 × 0.8 = 0.16 போடலாம், தேவை 246 ஆகக் குறையும்.

படி 4: கணக்கு.

மாதிரி அளவு = (1.96)² × விகிதம் × (1 − விகிதம்) ÷ (பிழை வரம்பு)²

3.8416 × 0.25 = 0.9604. அதை 0.0025 ஆல் வகுத்தால் 384.16. எப்போதும் மேல்நோக்கி முழுமையாக்க வேண்டும் என்பதால் 385. வரம்பை 2.5 ஆகப் பாதியாக்கினால் 1,537 வருகிறது: பிழை பாதியாக, அலைச்சல் நான்கு மடங்காக.

படி 5: சிறிய தொகுதிக்குத் திருத்தம். மொத்தமே 1,200 கூடங்கள் என்பதால் அத்தனை தேவையில்லை. படி 4-இல் வந்த 384.16-ஐ இப்படிக் குறைக்கலாம் (383.16 என்பது அதில் ஒன்று குறைத்தது):

384.16 ÷ (1 + 383.16 ÷ 1,200) = 291.2. ஆக, 292 கூடங்கள்.

இப்போது அந்தப் பத்து சதவீத வாய்பாட்டைச் சோதிக்கலாம். இதே திருத்தத்தையும் சேர்த்தால், 1,200-இல் 120 எடுக்கும்போது பிழை வரம்பு சுமார் 8.5 புள்ளி. 12,000-இல் 1,200 எடுத்தால் சுமார் 2.7. ஒரே விதி, இரண்டு வேறு தரம்.

பத்தில் எட்டுப் பேர்தான் பதில் சொல்வார்கள் என்றால் 292-ஐ 0.8 ஆல் வகுத்து, 365 கூடங்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். தேர்வு குலுக்கல் முறையில் நடக்க வேண்டும். பஸ் இறங்கி நடக்கிற தூரத்தில் உள்ள கூடங்களை மட்டும் பார்த்துவிட்டு "பிழை 5 சதவீதம்" என்று எழுதுவதை நான் ஏற்க மாட்டேன். சாலையோரக் கூடத்தில் புதுத் தறி இருக்கும் வாய்ப்பும் உள்ளே தோட்டத்துச் சாளையில் (தோட்ட வீட்டில்) இருக்கும் வாய்ப்பும் ஒன்றல்ல. மறுத்தவர்களும் ஒரே ரகமாக இருந்தால், எண்ணிக்கையைக் கூட்டுவதால் அந்தக் கோணல் நிமிராது.

சதவீதத்துக்குப் பதில் சராசரி வேண்டும் என்றால் சூத்திரம் மாறும்: (1.96 × திட்ட விலக்கம் ÷ பிழை வரம்பு)². திட்ட விலக்கம் என்பது அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதைக் காட்டும் எண். நாமக்கல் பண்ணை ஒன்றின் முட்டை எடைக்குத் திட்ட விலக்கம் 4 கிராம், பிழை வரம்பு 1 கிராம் என்றால் 61.5, அதாவது 62 முட்டைகள். அந்த 4 கிராமை ஊகிக்க வேண்டாம். முதலில் முப்பது முட்டைகளைத் தராசில் வைத்துப் பார்த்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.