மண் அடுப்புப் பட்டறை நடத்தப் போகிறீர்களா?

அக்கம்பக்கத்தாரைக் கூட்டி, ரொட்டி சுடும் குவிமாட மண் அடுப்பு கட்டுவதென்றால் டிசம்பர், ஜனவரி வேண்டாம். சிங்கப்பூரின் வடகிழக்குப் பருவமழையில் மண் லேசில் உலராது. மற்ற மாதங்களிலும் கூரையுள்ள இடமே நல்லது. தீ மூட்ட அனுமதி வாங்கிய பிறகு ஆள் சேருங்கள்.

கலவையில்தான் எல்லாம் இருக்கிறது: ஒரு பங்கு களிமண்ணுக்கு இரண்டு, மூன்று பங்கு மணல். உருண்டை பிடித்து இடுப்புயரத்திலிருந்து போட்டுப் பாருங்கள். தட்டையானால் தண்ணீர் அதிகம். உதிர்ந்தால் தண்ணீரோ களிமண்ணோ போதவில்லை. மிதிக்கும் வேலை பிள்ளைகளுக்கு (தடுத்தாலும் இறங்கிவிடுவார்கள்). ஈர மணல் குவியலின்மேல் கலவையை அப்புங்கள்; இறுகியபின் மணலைத் தோண்டியெடுக்கலாம். வாசல் உயரம், உட்கூட்டின் உயரத்தில் ஏறக்குறைய 63 விழுக்காடு இருந்தால் புகை திணறாது.

அன்றைக்கே ரொட்டி கிடைக்காது என்று அழைப்பிலேயே எழுதிவிடுங்கள்.