தாஉல் சான்ட் கிளிமென்ட் ஆலயத்தைப் பார்ப்பது எப்படி

ஸ்பெயினின் காட்டலோனியாவில், பிரனீஸ் மலைகளுக்குள் ஒதுங்கிக் கிடக்கும் போயி பள்ளத்தாக்கின் தாஉல் என்னும் சிற்றூரில், 1123 டிசம்பர் 10 அன்று அர்ச்சிக்கப்பட்ட, அதாவது வழிபாட்டுக்கெனப் புனிதப்படுத்தப்பட்ட, சான்ட் கிளிமென்ட் கிறிஸ்தவ ஆலயம் நிற்கிறது. அதன் சுவரோவியங்களில் பெரும்பகுதி இன்று பார்சிலோனாவின் காட்டலோனிய தேசியக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆகவே இரண்டு இடங்களையும் பார்க்க வேண்டும். முதலில் ஊருக்குச் செல்வதே நல்லது. எந்தச் சுவருக்காக ஓவியம் தீட்டப்பட்டதோ, அந்தச் சுவரை அறியாமல் அதன் அமைப்பு பிடிபடாது.

உடனே உள்ளே நுழையாமல் ஆலயத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். கிழக்கே மூன்று அரைவட்டச் சுவர்கள் புடைத்து நிற்கும். நடுவில் இருப்பது பெரியது. கூரை விளிம்புக்குக் கீழே வரிசையாக ஓடும் குட்டி வளைவுகள், இத்தாலியின் லொம்பார்டியிலிருந்து பரவிய கட்டுமான மரபின் அடையாளம். அடிப்பகுதிக்கு மேல் ஆறு அடுக்குகளாக உயரும் சதுர மணிக்கோபுரத்திலும் அவை திரும்பத் திரும்ப வருகின்றன.

உள்ளே உருண்டைத் தூண்கள் இடத்தை மூன்று நெடும்பகுதிகளாகப் பிரிக்கின்றன. மேலே இருப்பது எளிய மரக்கூரை. பீடத்தின் பின்னால்தான் கல் குழிந்து அரைக்குவிமாடமாக வளைகிறது. கண் தானாகவே அங்கே போய் நிற்கும். 2013 முதல் அந்தச் சுவரில் பழைய ஓவியம் ஒளியால் வீழ்த்திக் காட்டப்படுகிறது. காட்சி முடிந்ததும் எழுந்துவிடாமல், விவிலியத்தில் காயீன் தன் தம்பி ஆபேலைக் கொல்லும் காட்சி உட்பட இன்னும் சுவரிலேயே எஞ்சியிருக்கும் மூல ஓவியத் துண்டுகளைத் தேடிப் பாருங்கள்.

காட்டலோனியாவின் மூர் என்னும் ஊரிலுள்ள ஆலயத்தின் ஓவியங்கள் விலைபோய் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குச் சென்றுவிட்டன. அதே கதி மற்றவற்றுக்கும் நேராதிருக்க, 1919 முதல் 1923 வரை இப்பள்ளத்தாக்கின் ஓவியங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. ஓவியத்தின் மீது பசையால் துணியை ஒட்டி, நன்கு காய்ந்தபின் வண்ணப்படலத்தோடு சேர்த்து உரித்தெடுத்தார்கள். மனம் வலிக்கும் காரியம்தான். என்றாலும் அதனாலேயே அவை ஒரே இடத்தில் நிலைத்தன.

அருங்காட்சியகத்தில், பழைய வளைவின் வடிவிலேயே அமைத்த சுவரின் முன் நின்று மேலிருந்து கீழாகப் பாருங்கள். "நானே உலகின் ஒளி" என்று இலத்தீனில் எழுதிய நூலை ஏந்தி, இயேசு நடுவில் வீற்றிருக்கிறார். பிறகு ஓரங்களுக்கு வாருங்கள்: ஒரு வானதூதர் நற்செய்தியாளர் மாற்குவின் அடையாளமான சிங்கத்தைக் காலைப் பிடித்தும், இன்னொருவர் நற்செய்தியாளர் லூக்காவின் அடையாளமான காளையை வாலைப் பிடித்தும் நிற்கிறார்கள். இத்தனை கம்பீரத்தின் நடுவே இப்படியொரு துணிச்சலைத் தீட்டியவரின் பெயர் தெரியவில்லை என்பது பெரும் இழப்பு. கீழ்வரிசையில் மரியா, மேலாடையால் மூடிய கையில், செங்கதிர்கள் வீசும் கிண்ணமொன்றை ஏந்துகிறார்.

பலர் இத்துடன் திரும்பிவிடுகிறார்கள். முன்வளைவுகளின் உட்பக்கத்தையும் அண்ணாந்து பாருங்கள்: வட்டத்துக்குள் இறைவனின் கை, ஏழு கண்களுடைய செம்மறி, விவிலியக் கதையில் செல்வரின் வாசலில் கிடக்கும் ஏழை லாசரின் புண்களை நக்கும் நாய் ஆகியவை அங்கேதான் உள்ளன. பிறகு, சான்ட் கிளிமென்டுக்கு மறுநாளே அர்ச்சிக்கப்பட்ட தாஉல் சான்டா மரியா ஆலயத்தின் ஓவியத்தையும் அதே அருங்காட்சியகத்தில் பாருங்கள். அதில் நடுவிடம் குழந்தை இயேசுவை மடியில் ஏந்திய மரியாவுக்குரியது.